இடப்பக்கத்து முகம்

தலையில் தொப்பி இறுகிக்கொண்டே வருகிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. நீச்சலடிக்கிறவர்கள் போட்டுக்கொள்கிற மாதிரியான தொப்பி, அதில் அங்கங்கே ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் ஹெப்சி ஊசி இல்லாத சிரிஞ்சால் பசையை விட்டு, என் முடியை விலக்கி விலக்கி, ஒயரின் நுனியைப் பொருத்தினாள். பொருத்தும்போதெல்லாம் "வலிக்காக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வலித்திருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அவளிடம் எனக்கு எதுவும் வலிக்காது. இப்போது அவள் வெளியே போய்விட்டாள். கனமான கதவு, சாத்தினதும் சத்தமே இல்லாமல் போய்விட்டது, என் மூச்சு எனக்கே கேட்கிறது. எதிரே ஒரு திரை. வெளியே அவளும், அவளோடு இந்த ஆராய்ச்சியைச் செய்கிற என் வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் மூளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கோடு கோடாக ஓடுமாம். "கொடி, நான் பேசுறது கேக்குதா?" காதுக்குள் அவர் குரல். கேட்கிறது என்கிறேன். பொற்கொடி என்கிற என் பெயரைக் கொடி என்று சுருக்கினது அவர்தான், ஆனால் இந்த மைக்கில் கூப்பிடும்போது அந்தக் கொடி வேறு யாரோ மாதிரி இருக்கிறது. "இடது பக்கம் அம்புக்குறி வந்தா இடது பக்கத்து முகத்தைப் பாரு, அது பேசுறதை மட்டும் கேளு. வலது பக்கம் வந்தா வலது. இன்னொண்ணு பேசிக்கிட்டே இருக்கும், அதை விட்டுடு. முடிஞ்சதும் ஒரு கேள்வி வரும், பட்டனை அமுக்கு. அவ்வளவுதான்." விட்டுவிடு என்று சொன்னால் விட்டுவிட முடியுமா என்ன. அவருக்கு முடியும். வீட்டில் நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் "ம்" என்பார், அந்த "ம்" எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், விட்டுவிட்ட இடத்திலிருந்து வருகிறது.

காலையில் இட்லி சாப்பிடும்போதுதான் கேட்டார், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடை லீவுதானே, வாயேன் என்று. பழகின குரலை இரைச்சலிலிருந்து பிரித்து எடுப்பது சுலபம், கட்டினவர் குரல் என்றால் இன்னும் சுலபம், அதைத்தான் சோதிக்கிறார்களாம். படத்தில் பேசுவது அவரும் ஹெப்சியும். அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர், தெரியாதவர்கள் கொஞ்சம் பேர், இரண்டு கூட்டத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும், தெரிந்தவர்களில் நீதான் முக்கியம் என்றார். நான்தான் முக்கியம் என்று அவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, அதுவும் சோதனைக்குத்தான். நான் நினைக்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டேன். சிரித்தார். "நினைக்கிறதெல்லாம் தெரியாது. யாரைக் கவனிக்கிறேங்கறது மட்டும்தான் தெரியும்." அது போதாதா என்று நினைத்துக்கொண்டேன். சட்னி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

திரையில் இரண்டு முகம் வருகிறது. இடது பக்கம் அவர், வலது பக்கம் அவள். அம்பு இடது பக்கம். அவர் வாயைத் திறக்கிறார், அவளும் திறக்கிறாள், இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது, முதலில் ஒன்றும் புரியவில்லை, தண்ணீருக்குள் யாரோ பேசுகிற மாதிரி. அப்புறம் அவர் உதட்டைப் பார்க்கிறேன், பார்த்ததும் குரல் மேலே வந்துவிடுகிறது, அப்படியே கையைக் கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி. நிலக்கடலை பற்றி ஏதோ. மானாவாரியில் எப்போது விதைக்க வேண்டும். நல்லது, கடலை, மானாவாரி, ஆனி மாசம், நான் கவனிக்கிறேன், கோடு போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நீலச் சட்டை. போன மாசம் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தது. காலர் ஒழுங்காக மடிந்திருக்கிறது. இந்த மனுஷன் காலரை ஒழுங்காக மடித்து நான் பார்த்ததே இல்லை, பின்பக்கம் எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும், படியிறங்கும்போது நான்தான் கூப்பிட்டு நிறுத்தி மடித்து விடுவேன், சில நாள் மறந்துவிடுவேன். அன்றைக்கு மடித்து விட்டேனா? ஞாபகம் இல்லை. மடித்திருந்தாலும் தாம்பரத்திலிருந்து இங்கே வருகிறவரை நிற்காது, ஹெல்மெட்டைக் கழற்றும்போது கலைந்துவிடும். யாரோ மடித்திருக்கிறார்கள். கேமரா முன்னால் உட்காரவைத்து, ஒரு நிமிஷம் ஞானம் என்று சொல்லி, இரண்டு விரலால். அவள் அவரை ஞானம் என்றுதான் கூப்பிடுகிறாள். ஞானவேல் சார் இல்லை, ஞானவேல்கூட இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஆசை இருந்தது, அவருடைய அம்மா இருந்த வீட்டில் அது முடியவில்லை, அப்புறம் அவருடைய அம்மா இல்லாத வீட்டிலும் வாய் வரவில்லை. நீங்க, என்னங்க, அவ்வளவுதான். கேள்வி வருகிறது, கடலை எந்த மாதத்தில் விதைக்கப்படுகிறது. அமுக்குகிறேன். சரி என்று பச்சையாக வருகிறது.

அடுத்தது. அம்பு வலது பக்கம். ஹெப்சி. அவளைக் கவனிக்கச் சொல்கிறது திரை, ஏதோ நான் கவனிக்காமல் இருந்த மாதிரி. நல்ல முகம், கறுப்பு, கன்னம் கொஞ்சம் தூக்கல், பொட்டு இல்லாத நெற்றி. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, வாசிக்கும்போதுகூட வார்த்தையின் முடிவில் லேசாக ஒரு இழுப்பு. அவள் கண் என்னைப் பார்க்கிறது. இல்லை, என்னைப் பார்க்கவில்லை. இதைப் பேசும்போது அவள் பார்த்தது கேமராவை, கேமராவுக்குப் பின்னால் நின்றது அவர். அவள் கண்ணில் இருக்கிற அந்த இளக்கம், ஒரு வார்த்தை தடுக்கினதும் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடர்கிற அந்தப் பார்வை, அது அவருக்கு. அப்படியென்றால் முதல் படத்தில் அவர் பேசும்போது கேமராவுக்குப் பின்னால் நின்றது அவள். வாசிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு முடிந்தும் முடியாமலும் இருந்ததே, அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள், அவர் சிரித்து, சரி சரி ஆரம்பிக்கலாம் என்று முகத்தைத் துடைத்திருக்கிறார், துடைத்த இடத்தில் மிச்சம் இருந்திருக்கிறது. நான் இப்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு அவர் நின்ற இடம், அவருக்கு அவள் நின்ற இடம், நடுவில் நான், தலையில் ஒயரோடு. என்ன வாசித்தாள் அவள்? உப்பளம் பற்றி. கேள்வி வந்துவிட்டது. தெரியவில்லை, குத்துமதிப்பாக அமுக்குகிறேன், சிவப்பு. வெளியே அவர் என்ன நினைப்பார். ஹெப்சி குனிந்து ஏதோ சொல்வாள், பரவாயில்ல ஞானம், ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான். எனக்காகப் பரிந்து பேசுவாள், அதுதான் தாங்க முடியாதது.

இந்தச் சோதனையே என்னால் வந்தது. அது அவளுக்குத் தெரியுமா. தொற்றுக் காலத்தில் மருந்துக்கடை மட்டும்தான் திறந்திருந்தது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கடை, பஸ் ஓடவில்லை, ஹாரன் சத்தம் இல்லை, ஊரே அமைதி, ஆனால் எனக்குக் காது கேட்காமல் போய்விட்டது. வருகிறவர்கள் எல்லாம் முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவார்கள், எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது, என்ன என்ன என்று கேட்பேன், கத்துவார்கள், கத்தினாலும் புரியாது. அதற்கு முன்னால் அத்தனை பஸ் இரைச்சலிலும் எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று தப்பில்லாமல் கேட்டு எடுத்துக் கொடுத்தவள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னேன், "எனக்கு இத்தனை நாளும் கண்ணாலதான் காது கேட்டுச்சு போல இருக்கு" என்று. அவர் லேப்டாப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி சொல்லு என்றார். சொன்னேன். எழுந்து வந்து என் ஈரத் தலையைப் பிடித்துக்கொண்டு, "இதைத்தான்டி நான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். அந்த நாளை நான் வேண்டும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். மூளைக்கு உதடு வேண்டுமாம், உதடு அசைகிற கணக்கை வைத்துத்தான் இரைச்சலில் எந்தச் சத்தம் யாருடையது என்று அது சேர்த்துக்கொள்கிறதாம், அதுவும் நாம் கவனிக்கிறவருடைய உதட்டுக்குத்தான் அந்தச் சலுகை, கவனிக்காதவர் உதடு எவ்வளவு அசைந்தாலும் மூளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லையாம். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவை, அந்த வாரம். அப்புறம் ஹெப்சி வந்தாள். அப்புறம் இதெல்லாம் அவளோடு பேசுகிற விஷயமாகிவிட்டது, சாப்பிடும்போது போன் வரும், பால்கனிக்குப் போய்விடுவார், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், இந்தப் பக்கம் ரசம் ஆறும்.

"கொடி, அசையாம இரு. பல்லைக் கடிக்கிற போல இருக்கு, கோடெல்லாம் எகிறுது." பல்லைக் கடிக்கவில்லை என்கிறேன். கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தாடையை விடுகிறேன். அடுத்த படம். அம்பு இடது பக்கம், அவர் முகம், வாய் திறக்கிறது, ஹெப்சியின் குரல் வருகிறது. சில இடத்தில் உதட்டையும் குரலையும் மாற்றிப் போடுவோம் என்று சொல்லியிருந்தார்தான், சொன்னது வேறு, பார்ப்பது வேறு. அவர் உதடு ஒன்று சொல்கிறது, காதில் வேறு வருகிறது, நடுவில் எங்கேயோ இரண்டும் இல்லாத மூன்றாவது வார்த்தை ஒன்று எனக்குக் கேட்கிறது, அதை யாருமே சொல்லவில்லை. பதினோரு வருஷமாகப் பார்த்த வாய், அந்தக் கீழுதட்டின் வெடிப்பு, மீசையில் இடது பக்கம் நரைத்த இரண்டு முடி, அதிலிருந்து அந்த இழுப்புப் பேச்சு. ஒருத்தரோடு ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தால் அவர் பேச்சு நம் வாயில் ஒட்டிக்கொள்ளும். போன தீபாவளிக்கு அவர் "வலிக்கா" என்று கேட்டார், என் கை சுட்டுக்கொண்டபோது. வலிக்குதா என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம், விழுப்புரத்தில் யாரும் வலிக்கா என்று கேட்பதில்லை. அன்றைக்கு அது என் காதில் விழுந்தது, விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். விடவில்லை. காது எதையும் விடுவதில்லை.

அம்பு மறுபடியும் இடது பக்கம். இப்போது குரலும் உதடும் சரியாகத்தான் இருக்கின்றன, அவர் அவர் குரலில் வாசிக்கிறார், நான் பார்க்கிறேன், இந்தத் தடவை தப்பு விடக்கூடாது. ஆனால் வலது பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வருகிறது. கண்ணாடி. ஐசியூ. மருந்துக்கடை. என் கண் அம்பை விட்டுத் தாவிவிடுகிறது. ஹெப்சியின் உதடு. முகக்கவசம் போட்ட காலத்தில், மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்த பெண், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா, கையை உயர்த்தி, ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. இது நான். இது என் கதை. அவள் வாயில் என் அம்மா படுத்திருக்கிறாள். நான் கண்ணை எடுக்க வேண்டும், எடுக்க முடியவில்லை. இடது பக்கம் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், வெறும் இரைச்சல், காற்று. கொடுத்துவிட்டார். என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டார். காலரைக் கொடுத்தது போகட்டும், சிரிப்பைக் கொடுத்தது போகட்டும், என் அம்மாவைக் கொடுக்க இவருக்கு யார் உரிமை தந்தது. எழுதி அவள் கையில் கொடுத்திருக்கிறார், இதை வாசி ஹெப்சி, இது எங்க வீட்டுல நடந்தது. அவள் வாசிக்கிறாள், கண்ணில் லேசாகத் தண்ணீர், என் தண்ணீர் அது, என்ன அழகாக அழுகிறாள்.

அம்மா. உள்ளே விடமாட்டோம் என்றார்கள், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள் என்றார்கள். நான் கடையிலிருந்து அப்படியே ஓடினவள், கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டோடு. வாயில் அம்மாவுக்கு அந்த ஆக்சிஜன் குழாய் வைத்த மூடி, மேலும் கீழும் வயிறு. என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். கையைத் தூக்கி மூடியை ஒரு ஓரமாக நகர்த்தினாள், உதட்டைச் சேர்த்தாள், திறந்தாள், மறுபடி சேர்த்தாள், அதற்குள் நர்ஸ் வந்து மூடியைச் சரியாக வைத்துவிட்டாள், முதுகு மறைத்துவிட்டது. பா என்று ஆரம்பித்து மறுபடி உதடு சேர்ந்தது. என்னைப் பாப்பா என்றுதான் அம்மா கூப்பிடுவாள், கல்யாணமான பிறகும் பாப்பாதான். என் தம்பி பெயர் பாபு. பா, ப, அதுவரைக்கும் உதட்டில் இரண்டும் ஒன்றுதான், கடைசியில் வாய் திறந்தால் நான், குவிந்தால் அவன். அந்தக் கடைசி எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவன் ஷார்ஜாவில் இருந்தான், விமானம் இல்லை, வரமுடியவில்லை, அது அவன் தப்பு இல்லை. சோறு ஊட்டினது நான், குளிப்பாட்டினது நான், ஆனால் சின்ன வயசிலிருந்து எந்தச் சத்தத்திலும் அம்மாவுக்கு முதலில் கேட்டது அவன் குரல்தான். பக்கத்தில் நான் பேசிக்கொண்டிருப்பேன், தெருவில் அவன் லேசாக இருமுவான், அம்மா தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். போகிறபோது யாரைக் கூப்பிட்டாள். செத்துப்போனவள் விஷயத்தில்கூடப் பொறாமைப்படுகிறேனே, உயிரோடு இருக்கிற தம்பியிடம் பொறாமைப்படுகிறேனே, அவன் இன்றைக்கும் போனில் "அக்கா, அம்மா கடைசியா எதுவும் சொல்லலியா" என்று கேட்கிறான், இல்லடா என்கிறேன். சொல்லியிருந்தால் அது அவனுக்காக இருந்துவிடுமோ என்ற பயம். இதைப் போய் யாரிடம் சொல்வது. ஆனால் சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் அவளுக்கு எப்படித் தெரியும்.

எப்போது சொன்னேன்? காரியம் முடிந்து ஊரிலிருந்து திரும்பின அன்றைக்கா. இல்லை, அன்றைக்கு அவர் காரை ஓட்டிக்கொண்டு வந்தார், நான் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தேன், பேசவில்லை. வீட்டில் முதல் திவசத்தின்போதா. அன்றைக்கு வடைக்கு அரைத்துக்கொண்டே ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, அவர் என்ன என்றார், ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேனே, வார்த்தை வார்த்தையாக எனக்கு மனப்பாடம், கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கும்போது, பஸ்ஸில், துணி மடிக்கும்போது. சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது? தேடிப் பார்க்கிறேன். என் குரல் இருக்கிறது, எல்லா வார்த்தையும் இருக்கிறது, எதிரில் முகம் இல்லை. ஒரு தடவைகூட முகம் இல்லை. அப்படியென்றால் சொல்லவே இல்லையா. சொல்லாததை எப்படிக் கொடுத்தார். "கொடி, பதில் அமுக்கல நீ. ஏதாவது பிரச்சனையா?" கேள்வி திரையில் நின்றுகொண்டிருக்கிறது, எவ்வளவு நேரமாக நிற்கிறதோ, இடப்பக்கத்தில் பேசியவர் எந்தக் கடையைப் பற்றிச் சொன்னார். இடப்பக்கத்தில் பேசியவரா? இடப்பக்கத்தில் அவர்தானே. மருந்துக்கடை என்று கீழே ஒரு பெட்டியில் இருக்கிறது. கை அதை அமுக்குகிறது. பச்சை.

கதவு திறக்கிறது. முடிந்துவிட்டது என்கிறாள் ஹெப்சி, அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு டேட்டாவைச் சேமிக்கப் போய்விடுகிறார். மூலையில் சின்ன வாஷ்பேசின், அழகு நிலையத்தில் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் தலையைப் பின்னால் சாய்க்கிறாள். வெதுவெதுப்பான தண்ணீர். பசை போக வேண்டும் என்று விரலால் நீவுகிறாள், நகம் படாமல், நுனி விரலால். இந்த விரலா காலரை மடித்தது. அப்படித்தான் இருக்கும், இவளுக்கு எது கோணலாக இருந்தாலும் சும்மா இருக்க முடியாது போல, என் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒரு முடியைக்கூட எடுத்து விடுகிறாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறேன், "அந்தக் கண்ணாடிக் கதை, அதை யார் எழுதிக் குடுத்தது?"

"எதுக்கா? ஐசியூ கதையா? அது நான் எழுதினது." கை நிற்கவில்லை. "எங்கம்மா. அந்தச் சமயத்துலதான் போனாவ. உள்ள விடல்ல. நான் இந்தப் பக்கம் நின்னேன், அம்ம கையத் தூக்கி என்னமோ சொன்னா, கேக்கல்ல."

"அதுல மருந்துக்கடைன்னு வந்துச்சே."

"அது ஞானம் வாசிச்சதுல்லா அக்கா. உங்க கடை கதை. நீங்க சொன்ன அந்த வார்த்தை, கண்ணால காது கேட்டுச்சுன்னு, அதத்தான் அவரு மொதல்ல வாசிக்கேன்னு நின்னாரு. அதையும் இதையும் ஒண்ணா ஓட்டினோம். ரெண்டும் கலந்து கேட்டுட்டா? சரியான தொல்லதான் குடுத்திருக்கோம் உங்களுக்கு."

அவர் என் கதையை அவர் வாயால் வாசித்திருக்கிறார். எனக்கு அது வெறும் இரைச்சலாகக் கேட்டது. அவருடைய ஒரு வார்த்தையைப் பிடுங்கி நானே அவள் உதட்டில் ஒட்டிவைத்துவிட்டு, திருடினார்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் நெற்றியில் வழிகிறது. ஹெப்சி சொல்லிக்கொண்டே போகிறாள், மனசில் பட்டதை வாசித்தால்தான் குரலில் உயிர் இருக்கும் என்று அவர்தான் சொன்னாராம், என்ன வாசிக்கட்டும் என்று யோசித்து இதை எழுதினாளாம், வாசித்து முடித்ததும் அவர் கேமராவை அணைக்க மறந்து நின்றுவிட்டாராம், கொஞ்ச நேரம் கழித்து உட்காரச் சொல்லி, உங்க அம்மாவைப் பத்தி இன்னும் சொல்லுங்க என்றாராம். மத்தியானம் முழுக்க அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். "ஞானத்துக்க கண்ணெல்லாம் நெறஞ்சி போச்சு அக்கா." அப்படியா என்கிறேன். இது பழைய பொறாமை இல்லை, புதிது, கீழே வேறெங்கேயோ குத்துகிறது. அவருக்குக் கேட்கத் தெரியும். மத்தியானம் முழுக்கக் கேட்பாராம், கண் நிறையுமாம். அதே மாதிரி ஒரு கதை அவர் வீட்டிலேயே துணி மடித்துக்கொண்டு இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியாது. நான் மிக்ஸியை நிறுத்தியிருக்கலாம். "உங்கம்மா என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்கிறேன். "இல்லக்கா," என்கிறாள். "ஆரம்பத்துல கெடந்து மனசுல ஓட்டி ஓட்டிப் பாப்பேன். இப்ப விட்டுட்டேன்." அவள் விட்டுவிட்டாளாம். அதிலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான். "என்னக்கா, பசை கண்ணுல பட்டுட்டா?" ஆமாம் என்கிறேன். துண்டை எடுத்துக் கண் ஓரத்தை ஒற்றி விடுகிறாள். விடட்டும் என்று கிடக்கிறேன்.

வெளியே வெயில் இறங்கியிருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டே அவர் சொல்கிறார், விளையாட்டாகச் சொல்கிற மாதிரி, ஆனால் விளையாட்டு இல்லை, "முழுசாப் பாக்கணும். ஆனா மேலோட்டமாப் பாத்ததுல, என்னைக் கவனின்னு சொன்ன எடத்துலகூட நீ ஹெப்சியைத்தான் கவனிச்சிருக்க. என் குரல் உனக்குள்ள போகவே இல்ல."

"மருந்துக்கடைன்னு சரியாத்தானே அமுக்கினேன்."

"அது ஒண்ணுதான்." ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிறார். அவர் முகத்தில் இருப்பதை எனக்குப் பெயர் சொல்லத் தெரியும், கண்ணாடியில் அடிக்கடி பார்த்த முகம்தான். அவருக்கும் வருமா இது. பின்னால் ஏறி உட்காருகிறேன். வளாகத்து மரங்கள் முடிந்து பெரிய ரோடு வருகிறது, லாரி, ஷேர் ஆட்டோ, தண்ணீர் வண்டி, எல்லாம் ஒரே நேரத்தில் காதில் வந்து மோதுகிறது. எதிரில் அவர் முதுகு, பின்பக்கம் காலர் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மடித்து விடவில்லை. முதுகைப் பார்த்துச் சொல்கிறேன், "எங்கம்மாவும் கண்ணாடிக்குப் பின்னால ஏதோ சொன்னாங்க. உங்ககிட்ட நான் சொன்னதே இல்ல." வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. கேட்கவில்லை. கேட்டிருக்காது, எப்படிக் கேட்கும், அவருக்கு என் உதடு தெரியவில்லை. போகட்டும், சொல்லியாயிற்று, மற்ற தடவைகள் மாதிரி இதுவும் ஒரு தடவை. அப்போது வேகம் குறைகிறது. இடது பக்கம் ஒதுங்கி, ஒரு டயர்க் கடை ஓரமாக நிறுத்துகிறார். காலை ஊன்றிக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், இறங்கு என்று சைகை காட்டுகிறார், தானும் இறங்கி எனக்கு எதிரில் வந்து நிற்கிறார்.

"அம்மான்னு மட்டும்தான் கேட்டுச்சு. என்ன சொன்ன?"

சொல்கிறேன். வெள்ளைக் கோட்டோடு ஓடினதிலிருந்து. மூடியை நகர்த்தினதையும், நர்ஸின் முதுகையும், பாப்பாவையும் பாபுவையும். லாரிகள் போகின்றன, அவர் திரும்பவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால், குரல் இல்லாமல், அம்மா செய்த மாதிரியே செய்து காட்டுகிறேன், உதட்டைச் சேர்த்து, திறந்து, மறுபடி சேர்த்து, அங்கேயே நிறுத்துகிறேன். உலகத்தில் யாருக்கும் இதைக் காட்டியதில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பாப்பா என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது, சொன்னால் எனக்காகச் சொன்னதாகிவிடும், அப்புறம் இவரை நான் நம்பமாட்டேன்.

"இன்னொரு தடவை," என்கிறார்.

காட்டுகிறேன்.

டயர்க் கடையில் காற்றுப் பிடிக்கிற மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அவர் உதடு அசைகிறது, அந்தச் சத்தத்தில் குரல் வரவே இல்லை, ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

"தெரியல கொடி."